இரவல் சேலையும் இரண்டாம் பாகமும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில், தமிழ்த் திரைப்பட ரசிகர்கள் கூடிய மாலையில் நான் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறேன்.)

ஆலயக் குழுத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து வந்து சிறப்பிக்கும் அதிகாரி அவர்களே, மாதர் குழுச் செயலாளர் அக்கா அவர்களே, ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் என்று பல இடங்களிலிருந்து கார் ஓட்டி வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, பின்கட்டில் வடை சுட்டுக்கொண்டே செவியை இந்தப் பக்கம் வைத்திருக்கும் தாய்மார்களே, சனிக்கிழமைதோறும் என்னிடம் அகரம் எழுதிப் பழகும் குழந்தைகளே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயாவுக்குத் தனியாகவும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். இந்த மண்டபத்தை வாடகையில்லாமல் தந்தவர் அவர். கோயிலில் சினிமாப் பேச்சா என்று சிலர் கேட்டபோது, 'தமிழ்ப் பேச்சுக்கு இங்கே இடமில்லாமல் வேறு எங்கே இடம்?' என்று திருப்பிக் கேட்டாராம். அந்தக் கேள்வி என் பேச்சின் பாதி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

நான்கு பொருள் பற்றிப் பேச எண்ணி வந்தேன்: இரண்டாம் பாகங்கள், நடிகர் தேர்வு, கதையைப் படமாக்குவது, பாடல்கள். எனக்கு முன் பேசிய தம்பிகள் இரண்டாம் பாகங்களைப் பற்றி அனல் பறக்க வாதாடினார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1996இல் இந்தியன் வந்தது. சேனாபதி என்ற அந்த முதியவரின் கோபத்துக்குப் பின்னால் மகளின் சாவு இருந்தது. தான் பெற்ற மகனையே தண்டிக்கும் தந்தையின் கொடுமையான நேர்மை இருந்தது. கடைசியில் அவர் எங்கோ வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுவார், படம் முடிந்துவிடும். அந்தக் குரல் எந்த ஊரிலிருந்தும் வரலாம் என்பதே அதன் அழகு. 28 ஆண்டுகள் கழித்து, 2024இல், அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் படத்தில் அழுதவர்கள் இரண்டாம் படத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இந்த அவையிலேயே பலர் பார்த்தீர்கள். எங்கள் ஆயா ஒரு பழமொழி சொல்வார்: 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்.' முதல் படத்தின் புகழ் இரவல் சேலை. அதை உடுத்திக்கொண்டு வந்தால் போதும், சொந்தமாக ஒரு கதை வேண்டாம் என்று நினைப்பவர்கள் கந்தையைக்கூட எறிந்துவிட்டு வருகிறார்கள்.

பொன்னியின் செல்வன் விஷயம் வேறு. 2022 செப்டம்பரில் ஒரு பாகமும் 2023 ஏப்ரலில் ஒரு பாகமும் வந்தன. அது பழைய வெற்றிக்குப் பின்னால் ஒட்டிய வால் அல்ல. ஒரே கதையை நடுவில் அறுத்து இரண்டு நாள் விருந்தாக வைத்தது. விடுதலையும் அப்படியே. கதை இன்னும் மிச்சமிருந்தால் இரண்டாம் பாகம் எடுக்கட்டும், மூன்றும் எடுக்கட்டும். காசு மட்டும் மிச்சம் என்றால் வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி.

நம் நாட்டுக்கே வந்த இரண்டாம் பாகம் ஒன்று உண்டு: 2013இல் வந்த சிங்கம் இரண்டு. போதைப்பொருள் கடத்துபவனைத் தேடிக் காவல் அதிகாரி துரைசிங்கம் தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறார். அந்தக் கடத்தல்காரனாக நடித்த டேனி சபானி பிரித்தானிய நடிகர். நன்றாகவே நடித்தார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் திரையில் நம் மண் தெரிந்தவுடன் என் நெஞ்சு எவ்வளவு துள்ளியதோ, அவ்வளவும் அடங்கிப்போயிற்று. 1860 நவம்பர் 16ஆம் நாள் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்து டர்பன் துறைமுகத்தில் நின்றதே, அதிலிருந்து இறங்கியவர்களின் கதையா அது? இல்லை. கரும்புத் தோட்டத்தின் கதையா? இல்லை. மலேசியத் தோட்டத் தமிழரின் பாட்டை 2016இல் கபாலி தொட்டது. நம் கதை காத்திருக்கிறது. அதை யார் எழுதுவார்கள் என்று அந்தத் தம்பிகளைக் கேட்கிறேன். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இங்கிருந்து எழுந்தால்தானே எழுதுவார்?

நடிகர் தேர்வுக்கு வருகிறேன். சிரிப்பு நடிகர் என்று நாம் முத்திரை குத்தி வைத்திருந்த சூரியை விடுதலையில் காவலர் குமரேசனாக நிறுத்தினாரே வெற்றிமாறன், அதற்குப் பெயர்தான் தேர்வு. நம்மைப் போல் ஒரு சாதாரண முகம் துப்பாக்கி பிடித்துத் தவிக்கும்போது அந்தத் தவிப்பு நமக்கும் வருகிறது. அசுரனில் முப்பத்தாறு வயதுத் தனுஷ் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பனாக நடித்தார். முதலில் எனக்கும் சந்தேகம் இருந்தது. அந்தக் கூனிய தோள்களைப் பார்த்ததும் போய்விட்டது.

ஆனால் தேர்வு என்றால் என் கண்முன் வருவது தில்லானா மோகனாம்பாள்தான். நான் சிறுமியாக இருந்தபோது அப்பா டர்பன் கிரே தெருப் பக்கம் ஒரு கொட்டகைக்கு அழைத்துப் போனார். இந்தியா 1946இலேயே இந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்திவிட்டது. ஆனாலும் எப்படியோ சுற்றி வளைத்துப் படப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. வரவழைத்த கொட்டகைக்காரர்களை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். சிவாஜி நாதசுரத்தை உதட்டில் வைத்ததும் அப்பா என் காதில், 'வாசிப்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி' என்றார். ஒருவர் விரல், வேறு இருவர் மூச்சு. ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று தேடினாலும் கிடைக்கவில்லை. பாலையாவின் தவிலுக்கும் நாகேஷின் வைத்திக்கும் கொட்டகை முழுவதும் சிரித்தது. எல்லோருக்கும் வசனம் புரிந்ததால் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இப்போது கீழே ஓடும் ஆங்கில வரியைப் படித்து முடிப்பவர் முந்தியும் மெதுவாகப் படிப்பவர் பிந்தியும் சிரிக்கிறார்கள். ஒரே மண்டபத்தில் மூன்று சிரிப்பு.

இந்த ஆங்கில வரிகள்தான் நான் சொல்லும் இரவல் சேலை. வேண்டாம் என்று சொல்லவில்லை, நம் பிள்ளைகளைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தது அதுதான். ஆனால் அதை நம்பித்தானே வீட்டில் இருந்த தமிழை எறிந்துவிட்டோம்?

இதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் வந்த வாரம். எந்தக் கொட்டகை என்பது வேண்டாம். இடைவேளைக்குப் பிறகு, கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி. இரண்டு படங்களாக நாம் காத்திருந்த காட்சி அல்லவா? சரியாக அங்கே கீழே ஓடிக்கொண்டிருந்த ஆங்கில வரிகள் நின்றுபோயின. படம் ஓடுகிறது, விக்ரம் பேசுகிறார், ஐஸ்வர்யா ராய் பேசுகிறார், கண்ணீர் வழிகிறது. கொட்டகையில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு சொல் புரியவில்லை. சேலைக்குச் சொந்தக்காரி நடுத்தெருவில் வந்து சேலையை உருவிக்கொண்டு போய்விட்டாள்!

ஒருவன் விசில் அடித்தான். ஒருவன் கைப்பேசி விளக்கை மேலே காட்டினான். அப்போது என் வரிசையில், நான்கு இருக்கை தள்ளி, ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். மடியில் தேநீர்க் குடுவை, தோளில் சால்வை. அவருக்கு முன்னால் இருந்த இளைஞன் திரும்பி, 'ஆயா, அவர் என்ன சொல்கிறார்?' என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவனை அவருக்கு முன்பின் தெரியாது. ஆயா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: 'கொல்லு என்கிறான். அவளுக்குக் கை வரவில்லை.' அவ்வளவுதான், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 'இப்போது என்ன சொல்கிறாள்?' 'சின்ன வயதில் நடந்ததைச் சொல்கிறாள்.' 'சத்தமாகச் சொல்லுங்கள் ஆயா!' என்று பின்வரிசையிலிருந்து குரல். ஆயா எழுந்து நின்றுவிட்டார். குடுவையை அந்த இளைஞன் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே அரைப் படத்தையும் சொன்னார். சொன்னதோடு விடவில்லை, நடுவில் பழுவேட்டரையருக்காக இரண்டு முறை 'ஐயோ பாவம்' என்றார், அதையும் மொழிபெயர்த்தார். மேலாளர் ஓடி வந்து பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் தங்கள் இருக்கையை விட்டு வந்து ஆயாவின் காலடியில், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில் கதாகாலட்சேபம் கேட்பதைப் போல.

படம் முடிந்து அந்த இளைஞன் ஆயாவைக் கைபிடித்துக் கார் வரை அழைத்துப் போனான். நானும் பின்னால் போனேன். ஆயா அவனிடம் கேட்டார்: 'உன் தாத்தாவுக்குத் தமிழ் தெரியுமா?' 'தெரியும், இறந்துவிட்டார்.' 'அவரிடம் ஏன் கற்றுக்கொள்ளவில்லை?' அவன் பதில் சொல்லவில்லை. ஆயா குடுவையை வாங்கிக்கொண்டு, 'நான் எல்லாப் படத்துக்கும் வர முடியாது, கண்ணு' என்றார்.

அந்த இளைஞனைப் பற்றி முடிவில் சொல்கிறேன்.

கதையைப் படமாக்குவது பற்றிச் சொல்லாமல் விட்டால் தம்பிகள் கோபித்துக்கொள்வார்கள். பொன்னியின் செல்வன், கல்கி 1950இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் எழுதிய கதை. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. நாவலோ ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், குதிரை மேல் தனியாக வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. ஏரியின் 74 கணவாய்களையும், அதாவது மதகுகளையும், அவன் எண்ணிக்கொண்டே போகிறான். கணவாய் வழியே பாயும் தண்ணீர், கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்னும் குடும்பங்கள். கார்த்தி நல்ல வந்தியத்தேவன்தான், ஜெயராம் அருமையான ஆழ்வார்க்கடியான்தான். ஆனால் அந்த ஏரிக்கரையில் ஓர் அத்தியாயம் முழுக்க நிதானமாக நடக்கும் இன்பம் படத்தில் இல்லை. வெட்டியது தவறு என்று சொல்லமாட்டேன். ஐந்து பாக நாவலை எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியது என்ன என்று தெரிந்துகொள்ள ஒருவர் நாவலைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

அந்த ஏரி எனக்கு வெறும் கதை இடம் அல்ல. நம் முன்னோர் இங்கே நேட்டாலுக்குக் கப்பலில் வந்தபோது எழுதிய பதிவேடுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்: ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலில் உள்ள அடையாளம். என் கொள்ளுப்பாட்டனாரின் வரியில் தென்னாற்காடு என்று இருக்கிறது. வீரநாராயண ஏரி பழைய தென்னாற்காட்டில்தான் இருக்கிறது. அவர் அந்தக் கரையில் பதினெட்டாம் பெருக்குச் சோறு தின்றாரோ என்னவோ! கிராமத்தின் பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். இன்றுவரை அது எந்த ஊர் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலியார் மூட்லி ஆனதும் அந்த வழியில்தான். நம் பெயர்களே ஒரு படமாக்கம், ஐயா. மூலத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் எடுத்த படம். அங்கேயும் நமக்குக் கிடைத்தது இரவல் சேலை.

ஆகவே நகரமன்ற உறுப்பினர் அம்மாவிடம் என் வேண்டுகோள். நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. உலகில் எத்தனை நாடுகளின் சட்டம் நம் மொழியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது? அந்தச் சட்டத்தின் பெயரால், நூலகத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓர் அறை கேட்கிறேன். தூதரக அதிகாரி அவர்களிடம் கேட்பது புத்தகங்கள்: சிறுவர் கதைகள், பெரிய எழுத்தில் அச்சிட்டவை. கொட்டகை நடத்துபவர்களிடம் கேட்பது, ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் தமிழ் எழுத்திலேயே வசனம் ஓடும் ஒரே ஒரு காட்சி. காதால் கேட்டதைக் கண் உடனே படித்தால், ஆறு மாதத்தில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டும். என் வகுப்பில் அட்டையில் வசனம் எழுதிக் காட்டிப் பார்த்திருக்கிறேன், நடக்கிறது.

பாடல்கள் பற்றிப் பேச நேரமில்லை. செயலாளர் அக்கா வடை ஆறுகிறது என்று கை காட்டுகிறார்.

அந்த இளைஞன் மறு சனிக்கிழமை என் வகுப்புக்கு வந்தான். ஏழு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில், சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுதினான். பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் படித்து முடிக்க அவனுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. 74 கணவாய் என்ற இடம் வந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். இப்போது வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பது அவன்தான். வகுப்பு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, இதே மண்டபத்தின் பக்கத்து அறையில். கட்டணம் கிடையாது. ஒரு பென்சிலும் கோடு போட்ட நோட்டும் கொண்டு வாருங்கள். போகும்போது அவனிடம் பெயர் கொடுங்கள். அவன் அதைத் தமிழில் எழுதிக்கொள்வான், சரியாக எழுதியிருக்கிறானா என்று நின்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.