பரணிலிருந்து பார்க்கும் கண்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஒரு ஜப்பானிய எழுத்தாளரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதலில் அவர் பெயரை நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எடோகாவா ரம்போ. இன்னும் கொஞ்சம் வேகமாக: எடோகாவா ரம்போ. எட்கர் ஆலன் போ என்று காதில் விழுகிறதா? துப்பறியும் கதைக்கு வழி போட்ட அமெரிக்கர் போ. அவர் மேலிருந்த பிரியத்தில் வைத்துக்கொண்ட புனைபெயர் இது. இயற்பெயர் ஹிராய் தாரோ. 1894இல் மியே மாகாணத்து நபாரியில் பிறந்தார்.

சிறுவயதில் செய்தித்தாளில் வந்த மர்மத் தொடரை அம்மா வாசித்துக் காட்டுவாராம். ஆசை அங்கேயே தொற்றிக்கொண்டது. வசேதா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தும் எந்த வேலையிலும் தங்கவில்லை. 1919இல் தம்பிகளோடு தோக்கியோவின் தாங்கோசாகா என்ற மேட்டுச் சரிவில் பழைய புத்தகக் கடை வைத்தார். ஓடவில்லை. இரவில் நூடுல்ஸ் வண்டி தள்ளினார். முதல் கதை அச்சானது 1923இல். அந்தப் புத்தகக் கடையும் வீண்போகவில்லை. 1925இல் எழுதிய ஒரு கதையில், அதே சரிவில், ஒரு பழைய புத்தகக் கடையிலேயே ஒரு கொலையை நடத்திக் காட்டினார்.

ரம்போவைப் போவின் நகல் என்று சிலர் சொல்லும்போது எனக்கு மனசு ஆறாது. பெயர்தான் போவிடம் வாங்கியது. பயம் அவருடைய சொந்த வீட்டுக் கூரையிலிருந்து வந்தது. பூட்டிய அறைக்குள் கொலை நடக்கும் போவின் பாரிஸ் கதையில் முடிச்சு எங்கே இருக்கிறது? ஜன்னலில் அறைந்த ஓர் ஆணியில். ஜப்பானிய வீடோ மரமும் காகிதமும். அதில் எதைப் பூட்டுவது?

ரம்போ மேலே பார்த்தார். அவருடைய இன்னொரு கதையில் ஒரு வாடகை விடுதி. படுக்கை சுருட்டி வைக்கும் அலமாரிக்குள் ஏறி, மேல்பலகையைத் தூக்கினால் பரண். அறைகளைப் பிரிக்கும் சுவர் அங்கே கிடையாது. எல்லோருடைய தலைக்கு மேலும் தவழ்ந்து போகலாம். ஒரு பலகையில் மரக்கணு விழுந்து ஓட்டையாகியிருக்கிறது. கண்ணை வைத்தால், நேர் கீழே ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான். விஷம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஓட்டு வீட்டில் பரணுக்குக் கீழே படுத்து வளர்ந்தவர்கள், நடுராத்திரியில் மேலே ஏதோ உருண்டால் என்ன செய்வோம்? எலிதான் என்று சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்துக்கொள்வோம். ரம்போ அந்த இடத்தில்தான் கை வைக்கிறார். பேயே வேண்டாம் அவருக்கு, ஒரு மரக்கணு போதும்.

அதே 1925இல் இன்னொன்று. ஒரு எழுத்தாளப் பெண்மணிக்குக் கடிதம் வருகிறது. எழுதியவன் நாற்காலி செய்யும் தச்சன். தான் செய்த பெரிய சாய்வு நாற்காலிக்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்கிறான். அவளோ நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருக்கிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன், படித்துப் பாருங்கள்.

சரி, நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அவருடைய துப்பறிவாளர் அகேச்சி கோகோரோவைப் பற்றியும், சிறுவர்களுக்காக 1936இலிருந்து எழுதிய கதைகளைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 1947இல் மர்மக்கதை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 1965இல் காலமானார். அவர் பெயரிலான பரிசை இன்றும் மர்ம நாவல்களுக்குக் கொடுக்கிறார்கள். வணக்கம்.