தாத்தா கல்யாண போட்டோ அப்படியே இருக்கு, அப்பா கல்யாண போட்டோ மட்டும் ஏன் சிவந்து போச்சு?

[திரையில்: இடப்பக்கம் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். வலப்பக்கம் சிவந்து போன கலர் கல்யாணப் படம்.]

வீட்டு பீரோல இருக்குற ரெண்டு ஆல்பத்தை எடுங்க. ஒண்ணு தாத்தா பாட்டி கல்யாணம், 1950-கள்ல எடுத்தது, கறுப்பு வெள்ளை. இன்னொண்ணு அப்பா அம்மா கல்யாணம், 1980-கள்ல எடுத்தது, கலர். புதுசா எடுத்ததுதானே நல்லா இருக்கணும்? ஆனா தாத்தா மீசைல முடி முடியா எண்ணலாம். அப்பா படத்துல மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர், ஹோமப் புகை, பின்னாடி நிக்கிற ஒண்ணு விட்ட சித்தப்பா, எல்லாருமே செவ்வாழைத் தோல் கலர்ல இருக்காங்க.

ஸ்டுடியோக்காரரைத் திட்டாதீங்க, பாவம். இது அவர் பண்ணினது இல்ல. அந்தச் சிவப்பை ஒரு ஸ்லைடரை நகர்த்தி முக்கால்வாசி எடுத்திடலாம், பைசா செலவில்லாம. எந்த ஸ்லைடர்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் போரான வேலை இருக்கு. ஸ்கிப் பண்ணிடாதீங்க, பண்ணினா என்கிட்டதான் திரும்ப வந்து கமெண்ட்ல கேப்பீங்க.

வணக்கம் மக்களே. நாம இன்னைக்கு எடுத்துக்கிட்ட சாஃப்ட்வேர் பேரு டிஜிகேம் (digiKam), போட்டோவை அடுக்கி வைக்கவும் திருத்தவும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். படம் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும், யாரோட சர்வருக்கும் போகாது. முதல் தடவை திறந்தா பட்டன் பட்டனா வந்து மிரட்டும், பயப்படாதீங்க. நமக்கு வேண்டியது அதுல நாலஞ்சுதான்.

முதல்ல ஸ்கேன். ஆல்பத்து பிளாஸ்டிக் தாள்ல படம் ஒட்டிக்கிட்டு வரலைன்னா பிய்க்காதீங்க, மேல் பூச்சு உரிஞ்சு முகமே போயிடும். தாளோட வெச்சே ஸ்கேன் பண்ணுங்க. வழக்கமான 4க்கு 6 இன்ச் படத்தை 600 டிபிஐ-ல, அதாவது இன்ச்சுக்கு 600 புள்ளி வீதம் போட்டா 2400க்கு 3600, அதாவது சுமார் 86 லட்சம் பிக்சல் கிடைக்கும். அது தாராளம். கடைல குடுத்து ஸ்கேன் பண்றவங்க "அண்ணே, டிஃப் ஃபைலா குடுங்க, 48 பிட் கலர்ல போடுங்க"ன்னு கேளுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பரவாயில்ல. ஏன் கேக்கணும்னு பின்னாடி வரும்.

அடுத்தது தேதி. ஸ்கேன் பண்ணின படத்துக்குள்ள ஸ்கேன் பண்ணின தேதிதான் இருக்கும். அப்படியே விட்டா அப்பா அம்மா கல்யாணமும் போன வாரம் சாப்பிட்ட பரோட்டாவும் ஒரே மாசத்துல வந்து நிக்கும். டிஜிகேம்ல மொத்தமா செலக்ட் பண்ணி, தேதி நேரம் மாத்துற டூல்ல கல்யாணப் பத்திரிகைல இருக்குற தேதியைப் போட்டு விடுங்க. முடிஞ்சுது.

வாட்ஸ்அப்ல வந்த படங்களுக்கு இன்னொரு சிக்கல். சாதாரணமா அனுப்பினா படத்துக்குள்ள இருந்த எடுத்த தேதி, கேமரா, இடம் எல்லாத்தையும் வாட்ஸ்அப் கழட்டிடும், சைஸையும் குறைச்சிடும். உங்க போன்ல ஃபைல் பேரைப் பாருங்க. நடுவுல 20230412-ன்னு இருக்கா? அது உங்களுக்கு வந்து சேர்ந்த நாள். எடுத்த நாள்னு நெனச்சு அடுக்கினா பத்து வருஷம் பழைய படம்கூட 2023-ல போய் உக்காரும். சொந்தக்காரங்ககிட்ட படம் கேக்கும்போது "டாகுமெண்டா அனுப்புங்க சித்தி"ன்னு சொல்லுங்க. அப்போ ஒரிஜினல் ஃபைல் அப்படியே வரும்.

இப்போ முகம். 2020-ல வந்த ஏழாவது வெர்ஷன்ல இருந்து டிஜிகேம் முகம் கண்டுபிடிக்க நியூரல் நெட்வொர்க், அதாவது நிறைய முகத்தைப் பாத்துப் பழகின ஏஐ பயன்படுத்துது. முகத்தைத் தேட விட்டுட்டு காபி குடிச்சிட்டு வாங்க. வந்து பாத்தா முகமா வெட்டி வரிசையா வெச்சுக்கிட்டு "இவர் யாரு?"ன்னு கேக்கும். நீங்க கொஞ்சம் பேர் சொன்னா மீதியை அதுவே ஊகிக்கும். நம்ம ஊரு வீட்டுப் படத்துல ஒரு வேடிக்கை இருக்கு. சுவத்துல மாட்டின காலண்டர் முருகனை யாருன்னு கேக்கும். தெரு ஓர பேனர்ல கைகூப்பி நிக்கிற வட்டச் செயலாளரையும் கேக்கும். முருகனுக்கு டேக் போடுறதும் போடாததும் உங்க பக்தியைப் பொறுத்தது. வட்டத்துக்கு "இக்னோர்" பட்டன் இருக்கு.

இந்தப் பேரெல்லாம் எங்க சேமிக்கப்படுதுங்கிறதை மட்டும் கவனிங்க. பிக்காசா ஞாபகம் இருக்கா? 2004-ல கூகுள் வாங்கிச்சு, 2016-ல மூடிடுச்சு. அருமையான சாஃப்ட்வேர், இன்னைக்கும் அதுக்கு ஏங்குறவங்க இருக்காங்க. அதுல உக்காந்து அத்தை மாமா பேரெல்லாம் போட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னா, பேர் பெரும்பாலும் படத்துக்குள்ள போகல. போல்டருக்குள்ள ஒளிஞ்சிருந்த ஒரு குட்டி ஃபைல்ல இருந்துச்சு. படத்தை மட்டும் காப்பி பண்ணி வேற கம்ப்யூட்டருக்குப் போனா பேர் காலி. அதனால டிஜிகேம் செட்டிங்ஸ்ல மெட்டாடேட்டாங்கிற பக்கத்துக்குப் போய், டேக், முகம், குறிப்பு எல்லாத்தையும் படத்துக்குள்ளேயே எழுதச் சொல்லி டிக் பண்ணிடுங்க. நாளைக்கு டிஜிகேமே இல்லாமப் போனாலும் படத்தோட பேர் கூடவே போகும். இந்த வீடியோல ஒரே ஒரு விஷயம்தான் செய்வேன்னா இதைச் செய்யுங்க. கலரை அடுத்த வருஷம்கூட சரி பண்ணிக்கலாம். "பந்தல் கால் பக்கத்துல நிக்கிறது யாரு பாட்டி?"ன்னு கேக்க ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிடணும்.

சரி, சிவப்புக்கு வருவோம். எனக்கும் இதுதான் பிடிச்ச பகுதி.

[திரையில்: கலர் பிரிண்ட் பேப்பரின் குறுக்குவெட்டு, மூணு அடுக்கு.]

கறுப்பு வெள்ளைப் படத்துல உருவம் வெள்ளியால ஆனது. நிஜமான வெள்ளி, பொடிப் பொடியா. ஸ்டுடியோல ஒழுங்காக் கழுவி எடுத்திருந்தா அது லேசுல அழியாது. கலர் படத்துல வெள்ளி மிச்சம் இருக்காது, எல்லாம் சாயம். சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த ரோஸ்), மஞ்சள்னு மூணு அடுக்கு. இந்த மூணும் ஒரே வேகத்துல மங்கினா படம் வெளிறிப் போகும், அவ்வளவுதான். ஆனா அந்தக் காலத்துப் பேப்பர்ல, இருட்டுல வெச்சாலும் முதல்ல தளர்றது சயான். சயானோட வேலை சிவப்பு வெளிச்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கிறது. அது போயிட்டா சிவப்பைத் தடுக்க ஆள் இல்ல. அதனாலதான் பீரோக்குள்ள பத்திரமா பூட்டி வெச்ச ஆல்பமும் சிவக்குது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு பாத்திருப்பீங்க. சலூன் கண்ணாடி மேல ஹேர்ஸ்டைல் போஸ்டர் ஒட்டியிருக்கும்ல, வெயில் பட்டுப் பட்டு அதுல இருக்குற மாடல் எல்லாம் நீலமா, ஏதோ வேற கிரகத்து ஆளு மாதிரி ஆகியிருப்பாங்க. அது அச்சு மை, போட்டோ சாயம் கிடையாது. வெயில்ல மஞ்சளும் மெஜந்தாவும் முதல்ல போய், சயான் மட்டும் தாக்குப் பிடிக்கும். ஆக, இருட்டுல வெச்ச கல்யாணம் சிவக்குது, வெயில்ல வெச்ச கிராப்பு நீலமாகுது. இதைத் தெரிஞ்சுக்கிட்டதுல இருந்து நான் முடி வெட்டிக்கப் போனா போஸ்டரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

இப்போ கை வைப்போம். படத்தை டிஜிகேம் எடிட்டர்ல திறங்க. கலர் மெனுல லெவல்ஸ் இருக்கும். சேனல், அதாவது எந்த நிறம்னு தேர்ந்தெடுக்குற இடத்துல லூமினாசிட்டின்னு இருக்குறதை ரெட்னு மாத்துங்க. ஒரு மலை மாதிரி வரைபடம் தெரியும். இடது ஓரம் பூஜ்யம், அதாவது அந்த நிறம் சுத்தமா இல்லாத இடம். வலது ஓரம் 255, முழு வெளிச்சம். நல்ல படத்துல மலை இடது ஓரத்துல இருந்தே ஆரம்பிக்கும். சிவந்த படத்துல பாருங்க, இடது பக்கம் காலி மைதானம், மலை 90 பக்கத்துலதான் தொடங்குது. படத்துல எங்கேயுமே சிவப்பு இல்லாத புள்ளின்னு ஒண்ணு கிடையாதுன்னு அர்த்தம். கறுப்பா இருக்க வேண்டிய இடத்துலகூட சிவப்பு ஒழுகுது.

இடது ஸ்லைடரைப் பிடிச்சு, மலை தொடங்குற இடம் வரைக்கும் மெதுவா இழுங்க. வரைபடத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க, பொண்ணோட முடியைப் பாருங்க. அரக்கு நிறத்துல இருந்த முடி பழுப்பாகும், அப்புறம் கறுப்பாகும். அங்க நிறுத்துங்க. ஆசைப்பட்டு இன்னும் இழுத்தா முடில பச்சை நீலம் ஏறும், மாப்பிள்ளைக்கு மீசைக்குப் பதிலா பாசி முளைச்சிடும்.

முடி கறுப்பாச்சா? இப்போ மல்லிகைப் பூவைப் பாருங்க. பூ வெள்ளையா இருந்தா நீங்க பாஸ். இன்னும் ரோஸா இருந்தா அதே சேனல்ல நடு ஸ்லைடரைக் கொஞ்சம் தள்ளுங்க. மஞ்சள் அடிச்சா நீல சேனலுக்குப் போய் வலது ஸ்லைடரை மலை முடியுற இடத்துக்குக் கொண்டு வாங்க. ஒரு எச்சரிக்கை: வெள்ளைக்கு அளவுகோலா மாப்பிள்ளை வேட்டியை எடுக்காதீங்க. பட்டு வேட்டி சந்தன நிறம். அதை வெள்ளையாக்கினா மண்டபமே ஐஸ் ஃபேக்டரி ஆயிடும். நாதஸ்வரக்காரர் கட்டியிருக்குற பருத்தி வேட்டி ஓகே, அவர் புண்ணியவான்.

48 பிட்டுல ஸ்கேன் கேட்டதுக்குக் காரணம் இதுதான். சாதாரண ஜேபெக்ல ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். 90-ஐ பூஜ்யமாக்கினா மிச்சம் இருக்குற 166 படிகளை 256 இடத்துக்கு இழுத்து விரிக்கிறோம். நடுவுல ஓட்டை விழும், கன்னத்துல பட்டை பட்டையாத் தெரியும். 48 பிட்டுல சேனலுக்கு 65,536 படிகள், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்.

"இதெல்லாம் எதுக்கு, ஆட்டோ பட்டன் இல்லையா?"ன்னு கேக்குறவங்களுக்கு: இருக்கு. ஆட்டோ லெவல்ஸ் செய்யுறதும் இதே வேலைதான், மூணு சேனலையும் தனித்தனியா ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் இழுக்கும். சிவந்த படத்துக்குப் பல சமயம் பிரமாதமா வேலை செய்யும், முதல்ல அதைத் தட்டிப் பாக்குறதுல தப்பில்ல. ஆனா நலங்கு படத்துல போட்டுப் பாருங்க. முகம் முழுக்க மஞ்சள் பூசியிருக்கு, பின்னாடி மஞ்சள் புடவை. ஆட்டோவுக்கு அது மஞ்சள் நோயாத்தான் தெரியும். நீலத்தைக் கலந்து "குணப்படுத்தி" விட்டுடும். கன்னியாகுமரி சூரிய அஸ்தமனத்துக்கும் அதே கதிதான்.

சேவ் பண்ணும்போது டிஜிகேம் ஒரிஜினலைத் தொடாம, பேருக்குப் பின்னாடி _v1-ன்னு சேர்த்து தனிப் பிரதியா வைக்கும். அந்த செட்டிங்கை மாத்தாதீங்க. கம்ப்யூட்டர் இல்லாதவங்க போன்ல ஸ்னாப்ஸீட் போடுங்க, அதுவும் இலவசம். கர்வ்ஸ்ல சிவப்பைத் தேர்ந்தெடுத்து, கீழே இடது மூலைப் புள்ளியை வலப்பக்கமா நகர்த்தினா கிட்டத்தட்ட இதே பலன். கீறல், புள்ளிக்கெல்லாம் அதுலயே ஹீலிங் இருக்கு, விரலால தொட்டா போகும்.

ஏஐ-ல முகத்தைத் தெளிவாக்குற ஆப் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. என் கருத்து, வீட்டுப் படத்துக்கு வேண்டாம். மங்கின இடத்துல என்ன இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. வேற ஆயிரம் முகத்துல படிச்சதை வெச்சு ஒரு கண்ணு, ஒரு பல் வரிசை வரைஞ்சு வைக்கும். பாக்க அழகா இருக்கும். பாட்டி மாதிரியும் இருக்கும். ஆனா அந்த மூக்கு பாட்டி மூக்கு கிடையாது, மூக்குத்தியே காணாமப் போனாலும் போகும். பேரன் கல்யாணத்துக்கு பேனர் அடிக்க வேணும்னா பண்ணிக்கோங்க, ஆல்பத்துக்குள்ள அதை ஒரிஜினல்னு வைக்காதீங்க.

ஆல்பம் எடுக்கும்போது கூடவே ஆரஞ்சுப் பழுப்பு நிறத்துல பட்டையா நெகட்டிவ் இருந்தா குப்பைல போட்டுடாதீங்க. பிரிண்ட் ரொம்பப் போயிருந்தாலும் பல சமயம் அதுல கலர் இன்னும் உயிரோட இருக்கும். அதை போனும் ஒரு வெள்ளைத் திரையும் வெச்சு எப்படி எடுக்குறதுன்னு அடுத்த வீடியோ. உங்க வீட்டு ஆல்பம் சிவந்திருக்கா, நீலமா, பச்சையா? எந்த வருஷத்துப் படம், பீரோல இருந்துச்சா சுவத்துல தொங்குச்சான்னு கமெண்ட்ல போடுங்க. சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிடுங்க, பண்ணினவங்க சித்திக்கு ஷேர் பண்ணுங்க.