நிறைவு தருவது வழியில் வரும் சிற்றூர்களே

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் கூடாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு காரில் கிளம்பும் கணவன் மனைவிக்கு அதிக நிறைவு தருவது பெருநகரங்களா, வழியில் வரும் சிற்றூர்களா? இதுதான் இன்றைய கேள்வி. சிற்றூர்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். நகரத்தில் அருங்காட்சியகம் உண்டு, பெரிய மருத்துவமனை உண்டு, வண்டிக்கு உதிரி பாகம் உண்டு, ராத்திரிக்குக் குளிர்ந்த அறை உண்டு என்றார். எல்லாம் சரி. ஆனால் அவர் சொன்ன பயணத்தில் கூடாரம் டிக்கியை விட்டு இறங்கவே இல்லையே! நாம் பேசுவது கூடாரத்தில் படுத்து எழுந்து போகும் பயணம் அல்லவா?

நடுவர் அவர்களே, கூடாரம் அடிக்க முதலில் வெளிச்சம் வேண்டும். தரை எந்தப் பக்கம் சரிகிறது, மழை வந்தால் தண்ணீர் எங்கே தேங்கும், மேலே காய்ந்த கிளை ஏதும் தொங்குகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். ஒருவர் கம்பியை வளைத்துப் பிடித்தால்தான் மற்றவர் முளை அடிக்க முடியும். பொழுது சாய்வதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம் இந்தப் பயணத்தின் உயிர். நகரத்தின் மாலை நெரிசல் விழுங்குவது சரியாக அந்த ஒரு மணி நேரத்தைத்தான். அப்புறம் இருட்டில், பசியோடு, கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முளை தேடும் இருவர் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பதிகளுக்குத் தெரியும்.

வெப்பத்தையும் பார்க்க வேண்டும். கூடாரத்துக்குச் சுவர் வெறும் துணி. வெளியே உள்ள சூடுதான் உள்ளேயும். லூக் ஹோவர்டு என்ற ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனின் வெப்பநிலையை ஆண்டுக்கணக்கில் அளந்து, நகரத்து இரவு சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிடச் சராசரியாக 3.7 பாரன்ஹீட் டிகிரி, அதாவது சுமார் 2 செல்சியஸ் டிகிரி, சூடாக இருக்கிறது என்று எழுதினார். பகலில் வாங்கிய வெயிலைக் கல்லும் காரையும் இரவெல்லாம் திருப்பித் தருகின்றன. சிற்றூரின் ஓரத்தில் ஒரு புல்தரையில் அந்தத் தொல்லை குறைவு. ஆகஸ்ட் 12, 13 வாக்கில் வருகிற பெர்சீட் எரிகல் பொழிவும் நகர வெளிச்சத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். சிற்றூரின் எல்லையைத் தாண்டினால் இருவரும் படுத்தபடியே பார்க்கலாம்.

உதிரி பாகத்துக்கு வருகிறேன். எதிரணியின் பலமான வாதம் அது.

நெடுந்தூரக் கார்ப் பயணம் என்ற ஒன்று தொடங்கியதே ஒரு தம்பதியின் வீட்டில்தான். 1888 ஆகஸ்டில், நல்ல கோடையில், பெர்த்தா பென்ஸ் தம் கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மகன்களோடு கிளம்பினார். ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு, நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற சிற்றூரில், கறை போக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்ற கரைப்பானை ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். சங்கிலி கோளாறு செய்தபோது ஒரு கொல்லர் சரிசெய்து கொடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் ஒரு செருப்புத் தைப்பவர் அதன்மேல் தோல் அடித்துக் கொடுத்தார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தம் தொப்பி ஊசியால் குத்தி அவரே சரிசெய்தார்.

எதிரணியினரைக் கேட்கிறேன். அந்த மருந்துக் கடைக்காரரும் கொல்லரும் செருப்புத் தைப்பவரும் இதற்கு முன் ஒரு காரைப் பார்த்திருப்பார்களா? அவர்களிடம் எந்த உதிரி பாகமும் இல்லை. இருந்தது கைத்தொழிலும், நின்று கேட்கும் பொறுமையும்தான். மேட்டில் வண்டி ஏறாமல் மகன்கள் தள்ள வேண்டியிருந்ததைப் பெர்த்தா வந்து சொன்ன பிறகுதான் கார்ல் இன்னொரு கியர் சேர்த்தார். மனைவி வழியில் கற்றது கணவரின் வண்டியை மாற்றியது. எனக்கு மிகப் பிடித்த தம்பதி வரலாறு இது.

எங்களுக்கும் அப்படி ஓர் அனுபவம் உண்டு. காற்றில் கூடாரக் கம்பி முறிந்துவிட்டது. நகரக் கடை ஒன்றில் முழுக் கூடாரமாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அடுத்து வந்த ஊரில் சைக்கிள் பழுது பார்ப்பவர் ஒருவர் ஒரு சாண் குழாயை அறுத்து, முறிந்த இடத்தின் மேல் செருகி, இரு முனையிலும் பட்டையாக நாடா சுற்றித் தந்தார். அந்தக் கம்பி இன்றும் நிற்கிறது. அவர் வேலை செய்த நேரமெல்லாம் நானும் என் கணவரும் அந்த வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். வீட்டில் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பேச்சு அது. நகரத்தில் காரில் இருந்தபோது நாங்கள் பேசியதெல்லாம் 'இடது பக்கம், இல்லை இல்லை, அடுத்தது' என்பதுதான்.

சிற்றூர் சீக்கிரம் சலித்துவிடும் என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். ஓர் ஊரில் ஒரு வாரம் உட்கார்ந்தால் சலிக்கலாம். இது நாளுக்கு ஓர் ஊராகக் கடந்து போகும் பயணம். நாளை எங்கே முளை அடிப்பது என்று தினமும் இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறோம். நகரத்தில் அதை விடுதி முன்பதிவு எப்போதோ முடிவு செய்துவிடுகிறது.

இடி மின்னல் வந்தால் கூடாரம் காக்காது என்றும் பயமுறுத்தினார். உண்மைதான், காக்காது. உடனே எழுந்து கூரை மூடிய காருக்குள் போய்க் கதவையும் கண்ணாடியையும் அடைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கார் கூடாரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். சிற்றூர் முகாமில் அது பத்தடியில் நிற்கும் நடுவர் அவர்களே. நல்ல தீர்ப்பு தாருங்கள். நன்றி, வணக்கம்.