நொய்யல் ஓரத் தோட்டங்கள்ல கலர் போயிருச்சு, உப்பு போகலை

வணக்கம்ங்க. திருப்பூர் வழியா ஓடுற நொய்யல் ஆறு, சாயப்பட்டறைக் கழிவால கலர் கலரா ஓடின படங்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க. நிலத்தைக் கெடுத்தது அந்தக் கலர்தான்னு இன்னிக்கும் நிறைய பேர் நினைக்கிறாங்க. பெரிய கெடுதல் உப்பால வந்ததுங்க. அது எங்கிருந்து வந்துச்சு, மண்ணுக்குள்ள என்ன பண்ணுது, எப்படி வெளியேத்துறதுன்னு பார்த்துரலாம்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (நூலோட வேதிப்பிணைப்புல ஒட்டுற சாயம்) ஏத்தணும்னா உப்பு போட்டே ஆகணும். தண்ணிக்குள்ள பருத்தி நூல், சாயம் ரெண்டுமே எதிர்மின்னேற்றத்தோட இருக்கும், ஒண்ணை ஒண்ணு தள்ளும். உப்பு போட்டாத்தான் சாயம் நூல்கிட்ட போய்ப் பிடிக்கும். லைட் கலரா டார்க் கலரான்னு பார்த்து லிட்டருக்கு 30-லேருந்து 80 கிராம் வரைக்கும் போடுவாங்க. 50 கிராம், கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணின்னு கணக்கு போட்டா, கிலோவுக்கு 400 கிராம் உப்பு. 500 கிலோ துணிக்கு 200 கிலோ. இந்த உப்பு துணியில தங்குறதில்லை, அலசுறப்போ அத்தனையும் கழிவுத் தண்ணியோட வந்துரும்.

அந்தத் தண்ணியில சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டா கலர் கசடாப் படிஞ்சு மேல தெளிஞ்சிரும். கரைஞ்ச உப்பு அப்படியே இருக்கும். அதை வருஷக்கணக்கா ஆத்துல விட்டதுலதான், பாசனத்துக்குன்னு 1992-ல திறந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுத்தொட்டி ஆச்சு. ஆயக்கட்டு விவசாயிகளே வழக்குப் போட்டாங்க. சொட்டுக் கழிவும் வெளிய விடக்கூடாதுன்னு 2006-ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு, 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடவே சொல்லிருச்சு. அப்புறம்தான் ஆர்.ஓ. (சவ்வு வழியா வடிகட்டுறது), எவாப்பரேட்டர் (தண்ணியை ஆவியாக்குறது) எல்லாம் வச்சு உப்பைத் திரும்ப எடுக்கிற வேலை உறுதியாச்சு.

இப்பத் தோட்டத்துக்கு வருவோம். தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டுற டி.டி.எஸ். மீட்டர்ல உங்க கிணத்துத் தண்ணி 3,000 காட்டுதுன்னு வைங்க. லிட்டருக்கு 3 கிராம் உப்பு. ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் தண்ணி கட்டினா 2 லட்சம் லிட்டர். ஒரு தடவைக்கே 600 கிலோ உப்பு! தண்ணி ஆவியாப் போயிரும், பயிர் கொஞ்சம் குடிச்சிரும், உப்பு மண்ணுலயே நிக்கும். இதோ இந்த வாய்க்கால் ஓரத்துல வெள்ளையாப் பூத்திருக்கு பாருங்க, நகத்தால சுரண்டினா பொடியா வருது. வெயில்ல மேல ஏறி வந்த உப்பு இது.

இதுக்கு மேல ஒரு சிக்கல் இருக்குங்க. மண்ணுல உப்பு நிறைய இருக்கிற வரைக்கும் களிமண் துகள் சேர்ந்தே இருக்கும், தண்ணியும் உள்ள இறங்கும். நல்ல மழை பெஞ்சு மேலுப்பு கரைஞ்சு போன பிறகு, துகள்ல ஒட்டியிருக்கிற சோடியம் வேலையைக் காட்டும். துகள் பிரிஞ்சு துவாரத்தை அடைச்சிரும். தண்ணி நாள் கணக்கா தேங்கி நிக்கும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், விதை முட்டி மேல வர முடியாது. “உப்புத்தான் போயிருச்சே, ஏன் முளைக்கலை?”ன்னு கேக்கிறவங்க தோட்டத்துல இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

இந்தச் சோடியத்தை வெளியேத்தப் போடுறதுதான் ஜிப்சம், சுண்ணாம்புச்சத்து இருக்கிற ஒரு தாதுப்பொடி. ஆனா பரிசோதனை இல்லாம அதை வாங்காதீங்க. 10-15 இடத்துல ‘வி’ வடிவத்துல குழி வெட்டி, 15 செ.மீ. வரைக்கும் சீராச் சீவி மண்ணெடுங்க. 15-30 செ.மீ. மண்ணைத் தனியா எடுங்க. வரப்பு, எருக்குழி, மர நிழல் வேண்டாம். பூத்த உப்பை மட்டும் வழிச்சுப் போட்டா ரிசல்ட் தப்பா வரும். கலந்து அரைக் கிலோவாக் குறைச்சு, இ.சி. (உப்பளவைக் காட்டுற மின்கடத்துத் திறன்), பி.எச். (அமில-காரத் தன்மை), ஜிப்சம் தேவை மூணும் பாக்கச் சொல்லுங்க. இ.சி. 4 dS/m-க்கு மேல போனா உவர்ங்கிறது மண்ணைக் குழம்பா நனைச்சு வடிச்செடுத்த நீருக்கான அளவு. ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டரைப் பங்கு தண்ணி கலந்து பார்த்த ரிசல்ட்ல எண் குறைவாத்தான் வரும், அதைப் பார்த்து நிம்மதியா இருந்துராதீங்க.

வெறும் உவர்னா ஜிப்சம் வேண்டாம், நல்ல தண்ணியும் வடிகாலும் போதும். பி.எச். 8.5-க்கு மேல, சோடியமும் கூடன்னா களர். ஆய்வகம் சொன்ன ஜிப்சம் அளவுல பாதியைச் சமமாத் தூவி, மேல்மண்ணோட கலந்து, 10 செ.மீ. நல்ல தண்ணி கட்டுங்க. ஒரு நாள் நிறுத்தி வடிகால்ல விடுங்க, இப்படி மூணு நாலு தடவை. ஜிப்சத்துல இருக்கிற சுண்ணாம்புச்சத்து, துகள்ல ஒட்டின சோடியத்தைத் தள்ளிவிடும், வடியுற தண்ணிதான் அதை வெளிய கொண்டு போகும். வடிகால் இல்லாம ஜிப்சம் போடுறது காசைக் கொட்டுறதுங்க. அந்த வடிகால் பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துப் பக்கம் போகக்கூடாது, தயவுசெஞ்சு இதைக் கவனிங்க. நல்ல தண்ணிக்கு வழியில்லைன்னா மழைக்கு முன்னாடியே ஜிப்சத்தைப் போட்டு, வரப்பை உயர்த்தி மழைத்தண்ணியைத் தேக்குங்க.

அடுத்து ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதைச்சு, 45 நாள்ல பூக்கிறப்போ மடக்கி உழுதுருங்க. முதல் போகத்துல வெங்காயம், அவரை, மஞ்சள் வேண்டாம், பருத்தி உப்பைத் தாங்கும். அறுவடை முடிஞ்சதும் அதே ஆழத்துல மறுபடி மண்ணெடுங்க. இ.சி. இறங்கி பி.எச். ஏறியிருந்தா, போட்ட ஜிப்சம் பத்தலைன்னு அர்த்தம். மீதிப் பாதியை அப்பப் போடுங்க.