பாடவேளையைத் தின்றது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நல்லூரில் இந்த ஆசிரியர் தின மாலையில் கூடியிருக்கும் சபையோரே, வணக்கம். ஆசிரியர் பல பொறுப்புகளைச் சுமப்பது கல்விக்கு உரமா, பாரமா என்பது கேள்வி. பாரமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் ஆசிரியரைத் தாய் என்றார், தாதி என்றார், நீதிபதி என்றார். கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். காலைக் கூட்டத்தில் வெறும் வயிற்றோடு மயங்கி விழும் பிள்ளையைத் தூக்க எந்த ஆசிரியரும் சுற்றறிக்கைக்குக் காத்திருப்பதில்லை. அதைப் பாரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது வேறு கணக்கு.

தரம் ஆறு வகுப்பாசிரியை ஒருவரின் முதற்பாடவேளையைப் பாருங்கள். நாற்பது நிமிடம். வரவு இடாப்பு முடிந்ததும் வசதிகள் கட்டணம். அணிநடைக்கு ஆள் கேட்டு ஒரு துண்டு வருகிறது. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வட்ஸ்அப்பில் அவசரச் செய்தி: பிள்ளைகளின் விபரம் பத்து மணிக்குள் வேண்டுமாம், போன மாதம் அனுப்பிய அதே விபரம்! பக்கத்து வகுப்பாசிரியர் கருத்தரங்குக்குப் போனதால் அந்தச் சத்தத்தையும் இவரே அடக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் இடையில், அரையும் மூன்றிலொன்றும் எவ்வளவு என்று கேட்கிறார். கடைசி வாங்கில் ஒரு பிள்ளை ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறது. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டது. "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறையுமா?" என்று பக்கத்தில் இருந்து கேட்டால் அந்தப் பிள்ளையே திருத்திவிடும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம்தான் இல்லை. சிவப்பு மையால் ஒரு பிழைக் குறி, அவ்வளவுதான்.

பின்னேரம் அந்தப் பிள்ளை ரியூட்டரிக்குப் போகிறது. தகரக் கொட்டகைக்குள் நெருக்கியடித்து இருக்கும் கூட்டத்தில் அங்கும் அதனிடம் யாரும் கேட்கப் போவதில்லை. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945 இல், கிடைத்த இலவசக் கல்வியைக் காலையில் படிவங்களுக்குப் பறிகொடுத்துவிட்டு மாலையில் காசுக்கு வாங்குகிறோம். காசில்லாத வீட்டுக்கு அதுவும் இல்லை. உரம் என்கிறீர்களே, எந்தப் பயிருக்கு?

எதிரணி ஆறுமுக நாவலரைத் துணைக்கு அழைத்தது. ஆசிரியர், பதிப்பாசிரியர், அச்சகக்காரர், எல்லாம் அவரே என்றது. உண்மைதான். 1848 இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கினார். படிப்பிக்கப் பாலபாடம் எழுதினார். அச்சிட இயந்திரம் வேண்டுமென்று சென்னைக்குப் போனார். அத்தனையும் கற்பித்தலுக்காக அவரே விரும்பி எடுத்த வேலைகள். அவரை வகுப்பிலிருந்து எழுப்பி எவரும் விபரம் கேட்கவில்லை.

1995 இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்ததையும் சொன்னார்கள். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போன ஆசிரியர்கள் மரநிழலிலும் கொட்டிலிலும் கரும்பலகையைச் சாத்திவைத்துப் பாடம் எடுத்தார்களே, அது எந்த அணிக்குச் சாட்சி? எல்லாம் போன பிறகும் அவர்கள் கைவிடாதது கற்பித்தல்.

ஆகவே, பாடசாலைக்கு ஓர் எழுதுவினைஞரைக் கொடுங்கள், ஓர் ஆற்றுப்படுத்துனரைக் கொடுங்கள், ஆசிரியரிடம் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறோம். எதிரணித் தலைவரும் ஆசிரியர்தான். அடுத்து எழுந்து வரும்போது ஒன்றைச் சொல்லட்டும்: சென்ற தவணையில் அவருடைய பாடவேளைகளில் எத்தனை முழுதாக அவர் கைக்கு வந்தன?

மணி அடிக்கிறது, நடுவர் அவர்களே. அமர்கிறேன்.