பூமத்திய ரேகையில் பொங்கிய பாயசம்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில் நடுவில் ஒரு கோடு பார்த்திருப்பீர்கள், பூமத்திய ரேகை. கடலில் அப்படி ஒரு கோடு கிடையாது. ஆனாலும் கப்பல்காரர்களுக்கு அது உண்டு. முதல்முறை அதைத் தாண்டுகிறவனைக் கடலரசன் நெப்டியூன் விசாரித்து, சவரம் செய்து, தண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் தெற்கே விடுவான். பழைய வழக்கம் இது. 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் போன சார்லஸ் டார்வினையும் விடவில்லை. முகத்தில் தாரும் பெயிண்டும் அப்பி, சொரசொரப்பான இரும்புப் பட்டையால் வழித்திருக்கிறார்கள். அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

நான் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவன். 1983-இல் சென்னையிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமேண்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கே. டிகிரிக்கு 60 கடல் மைல். மூன்றாம் நாள் கோடு வந்துவிடும்.

புதுப் பையன் ஒருவன் இருந்தான். தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். சாரங்கு, அதாவது மேல்தள ஆட்களுக்குத் தலைவர், பைனாகுலர் கண்ணாடியில் குறுக்கே ஒரு தலைமுடியைச் சோப்பு வைத்து ஒட்டினார். "தம்பி, கோடு தெரியுதா பாரு" என்று கொடுத்தார். பையன் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, கோடு மேலயும் கீழயும் ஆடுது! அறுந்து மிதக்குது போல! விசிறியில சுத்திக்கும், இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க!"

வலைக்கயிறு படகைத் தள்ளும் விசிறியில் சுற்றினால் என்ன ஆகும் என்று கண்டு வளர்ந்த பிள்ளை அல்லவா? கேப்டனிடம் சொல்ல மாடியேறி ஓடினான். பின்னால் சாரங்கு, அவர் பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் கரண்டியோடு பண்டாரி. ஆமாம், கப்பல் சமையல்காரர் பண்டாரியும் ஓடிவந்துவிட்டார். அடுப்பில் விழாவுக்கான பாயசம்! கேப்டன் சிரித்து முடிப்பதற்குள் பொங்கி வழிந்து, மிச்சம் அடிப்பிடித்துவிட்டது.

பண்டாரி அழாத குறை. அப்போது கேப்டன் சொன்னார்: "இன்னிக்குச் சவரத்துக்குச் சோப்பு வேண்டாம்."

பிரித்த மணிலாக் கயிறுதான் நெப்டியூனுக்குத் தாடி. பலகையில் செய்த கத்தி. பையன் முகமெல்லாம் சேமியாவும் கருகிய பாலும். நாக்கை நீட்டி நக்கிவிட்டு, "இனிப்பு கம்மிண்ணே" என்றான். அழப் பார்த்த பண்டாரிதான் முதலில் சிரித்தார். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கிடக்கிற ஆட்களுக்கு அந்த ஒரு சிரிப்பு எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? அதிகாரியும் அடுப்படி ஆளும் ஒன்றாய் நின்று சிரித்த நாள் அது.

பறக்கும் மீன்கள் மேல்தளத்தில் வந்து விழுவதைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். அறைக்கு வெளியே மணியைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கோடு தாண்டியவனுக்குச் சான்றிதழ் உண்டு, ஒரு மீன் பெயரோடு. அது கையில் இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் மறுபடியும் சவரம்! அவனுக்கு 'காரல்' என்று பெயர் வைத்தோம். போன வருஷம் அவன் வீட்டுக்குப் போனபோது டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் காட்டினான். ஓரத்தில் பாயசக் கறை இன்னும் இருக்கிறது.