திரைக்கு முன்னால் நடக்கும் வேலை

வணக்கம். அலுவலகத்தில் புது மென்பொருள் வந்ததும் "பழைய நோட்டே தேவலை" என்று யாராவது சொன்னால், உடனே அவரை மாறத் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அது பிடிப்பதில்லை. பல நேரம் அவர் சொல்வதுதான் சரி.

ஒரு ஆஸ்பத்திரி வார்டைப் பாருங்கள். செவிலியர் ஒவ்வொரு கட்டிலாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, கையிலிருக்கும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, அப்புறம் கணினியில் ஏற்றுகிறார். ஒரே வேலையை எதற்கு இரண்டு தடவை செய்கிறார் என்று மென்பொருள்காரருக்குத் தோன்றும். ஆனால் ஷிப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம் "நாலாம் கட்டிலைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்ல உதவுவது அந்தச் சீட்டுதான். திரையிலோ ஒரு கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகாது, அதனால் அவசரத்தில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள், அந்த எண்ணை நம்பித்தான் மருத்துவர் மருந்து எழுதுகிறார்.

ஒரு வேலையைத் துண்டாகப் பார்த்தால் புரியாது என்பதற்கு ரஷ்ய உளவியலாளர் லியோன்டியேவ் ஒரு வேட்டையை உதாரணமாகச் சொல்வார். ஒருவர் சத்தம் போட்டு விலங்கை விரட்டுகிறார். அவரை மட்டும் பார்த்தால், பசிக்கு வேட்டையாட வந்தவர் இரையைத் துரத்திவிடுகிறாரே என்று தோன்றும். எதிர்ப்பக்கம் பதுங்கியிருப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு வேலையை அதன் சூழலோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லும், அவர் வளர்த்தெடுத்த 'செயல்பாட்டுக் கோட்பாடு' கேட்பதும் அதைத்தான்: இந்த வேலை எதற்காக, யாரோடு, எந்த விதிப்படி, எந்தக் கருவியைக் கொண்டு நடக்கிறது? பின்லாந்து ஆய்வாளர் எங்கெஸ்ட்ரோம் 1987-ல் இதையெல்லாம் ஒரே முக்கோணத்துக்குள் வரைந்து காட்டினார்.

சரி, நடைமுறையில்? 1981-ல் ஸ்காண்டிநேவியாவில் 'உடோபியா' என்றொரு திட்டம் தொடங்கியது. பத்திரிகைப் பக்கம் கட்டும் தொழிலாளர்களின் சங்கமும் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. கணினி வந்தால் தங்கள் கைத்தொழில் என்னவாகும் என்ற கவலை அவர்களுக்கு. அட்டையும் ஒட்டுப்பலகையும் காகிதமும் வைத்துப் பொய்க் கணினி செய்து, அதன் முன் நின்று நிஜமாகவே பக்கம் கட்டுவதுபோல வேலை செய்து பார்த்தார்கள். எங்கே இடிக்கிறது என்று கையே சொல்லிவிடும், அட்டையை வெட்டி மாற்றினால் போதும். அதில் பங்கெடுத்த டென்மார்க் ஆய்வாளர் சுசன்னே பொட்கர்தான் பின்னாளில் இந்தக் கோட்பாட்டைக் கணினி வடிவமைப்புக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். கருவி நன்றாக இருந்தால் கவனம் வேலையில் இருக்கும், இடறினால் கவனம் கருவிக்குத் தாவிவிடும் என்பது அவருடைய பார்வை.

டெண்டர் எழுதும் அதிகாரிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். மென்பொருள் எழுதப்போகிறவர்கள் முதல் வரி எழுதும் முன், இரவு ஷிப்ட் உட்பட, வேலை நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். அந்த நாட்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள்.